ரோட்ஸ் தீவில் ரால்ப் பஞ்ச்

பகை கொண்ட இருவர் ஒருவரை ஒருவர் நோக்கவும் மறுப்பாராயின், அவர்களிடையே நின்று உடன்பாடு காண்பது எங்ஙனம்? இவ்வரிய பணி 1949-ஆம் ஆண்டில் ரால்ப் பஞ்ச் என்னும் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பேரறிஞரிடம் வந்து சேர்ந்தது.

டெட்ராய்ட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த பஞ்ச், இளமையிலேயே தாயை இழந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டியாரே அவரை வளர்த்தார். கல்லூரியில் பயின்ற காலத்தில் துப்புரவு வேலை செய்து செலவுக்குப் பொருள் ஈட்டினார். 1927-இல் பட்டம் பெற்றதும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உதவிச் சம்பளம் அளிக்க முன்வந்தது. ஆயினும் அது போதவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் ஆயிரம் டாலர் திரட்டி அவரை வழியனுப்பினர். அங்கே டாக்டர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக விளங்கிய அவர், பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் பணியில் அமர்ந்தார்.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியதும் அண்டை அரபு நாடுகளுக்கும் அதற்கும் போர் மூண்டது. சமரசம் செய்ய ஐக்கிய நாடுகள் சபை சுவீடன் நாட்டுப் பெர்னடாட் பிரபுவை அனுப்பியது. பஞ்ச் அவருக்குத் துணைவராகச் சென்றார். செப்டம்பர் 17-ஆம் நாள் ஜெருசலேமில் யூதத் தீவிரவாதிகள் பெர்னடாட்டைச் சுட்டுக் கொன்றனர். அன்று அவருடன் செல்ல இருந்த பஞ்ச், வழியில் தாமதம் நேர்ந்தமையால் உயிர் பிழைத்தார். தலைவர் இறந்த துயரம் ஆறுமுன்பே பொறுப்பு முழுவதும் அவர் தோள்மீது விழுந்தது.

1949 ஜனவரியில் ரோட்ஸ் தீவில் பேச்சு தொடங்கியது. எகிப்தியரும் இஸ்ரேலியரும் ஒரே விடுதியில் தங்கியும் முதலில் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் கூறியதை மற்றவரிடம் எடுத்துச் செல்வதே பஞ்சின் வேலையாயிற்று. வந்திருந்தோரோ தத்தம் அரசின் இசைவின்றி எதனையும் முடிவாக ஏற்க இயலாதவர்கள். ஆகவே பஞ்ச் பெரிய பூசல்களை ஒதுக்கிவைத்து, எவற்றைப் பேசுவது என்னும் பட்டியலுக்கே முதலில் இருவரது இசைவையும் பெற்றார். சிறியதில் இணங்கப் பழகியோர் பெரியதிலும் இணங்குவர் என்பது அவர் கணிப்பு.

பாலூஜா என்னும் ஊரில் ஏறத்தாழ நாலாயிரம் எகிப்திய வீரர் முற்றுகையில் சிக்கியிருந்தனர். பிற்காலத்தில் எகிப்தின் அதிபரான நாசரும் அவருள் ஒருவர். அவர்களை விடுவிக்க வேண்டும் என்றது எகிப்து. இஸ்ரேலோ அதனை எளிதில் ஏற்பதாயில்லை. பேச்சு பன்முறை முறியும் நிலையை எய்தியது. பஞ்ச் இரவு பகலாக உழைத்தார். ஓய்வு வேளையில் தூதுக்குழுவினருடன் பில்லியர்ட்ஸ் ஆடினார். நினைவுப் பரிசாக அழகிய பீங்கான் தட்டுகளை முன்கூட்டியே செய்வித்து, உடன்பட்டால் இவை உங்கட்கு, மறுத்தால் உங்கள் தலையில் உடைப்பேன் என்று நகையாடினார் என்பர். பிப்ரவரி 24-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முற்றுகைப்பட்ட வீரர்கள் படைக்கலங்களுடன் நாடு திரும்பினர். ஜூலைக்குள் லெபனான், ஜோர்டான், சிரியா ஆகியவையும் இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டன.

அதே ஆண்டில் அமெரிக்க அரசு அளிக்க முன்வந்த உயர்பதவியை அவர் ஏற்கவில்லை. தலைநகர் வாஷிங்டனில் அந்நாளில் நிலவிய நிறவேற்றுமையிடையே தம் மக்கள் வாழ்வதை அவர் விரும்பவில்லை. 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. கடமையைச் செய்ததற்குப் பரிசு எதற்கு என்று எண்ணி மறுக்க முனைந்தார். சபையின் பொதுச் செயலாளர் டிரிக்வி லீ வற்புறுத்தவே ஏற்றார். கறுப்பினத்தவருள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே.

எனினும், போர் நிறுத்தம் வேறு, அமைதி வேறு. வீடிழந்த இலட்சக்கணக்கான பாலஸ்தீன மக்களின் துயர் அவ்வுடன்படிக்கைகளால் தீரவில்லை. 1956-இல் மீண்டும் போர் மூண்டபொழுது, இடையில் நிற்க ஐக்கிய நாடுகளின் படையை அமைப்பதில் பஞ்ச் பெரும்பங்கு கொண்டார். 1967-இல் அப்படை விலக்கப்பட்டதும் போர் மறுபடியும் வெடித்தது. நோயுற்று நலிந்த நிலையிலும் அவர் சபையின் பணியைத் தொடர்ந்தார். 1971 டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் காலமானார்.