எட்வர்டு பல்க்லி

எட்வர்டு பல்க்லி (ஏறத்தாழ 1651 – ஆகஸ்டு 8, 1714) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவராகச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் பணியாற்றியவர் ஆவார். 1693 ஆம் ஆண்டில் கும்பினி ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் திடீரென இறந்தபோது, அவரது உடலைத் திறந்து பார்த்து இறப்பின் காரணத்தை இவர் எழுத்து மூலம் தெரிவித்தார். இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் சட்ட மருத்துவப் பிணக்கூறாய்வாக இது கருதப்படுகிறது. இதனால் இந்திய மருத்துவக் கல்லூரிகளின் சட்ட மருத்துவம், நச்சியல் பாடநூல்களில் வரலாற்றுப் பகுதியில் இவரது பெயர் இடம்பெறுகிறது. தென்னிந்தியத் தாவரங்களையும் பறவைகளையும் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்திய தொடக்ககால இயற்கை ஆய்வாளர்களுள்ளும் இவர் ஒருவர்.

காலப் பின்னணி

பல்க்லி சென்னைக்கு வந்த காலம் தமிழகத்தின் வடபகுதி போரால் அலைக்கழிந்த காலமாகும். 1687 ஆம் ஆண்டில் கோல்கொண்டா அரசு முகலாயர் வசமானது. சிவாஜியின் இளைய மகன் இராசாராம் 1689 ஆம் ஆண்டின் இறுதியில் செஞ்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்து அதனைத் தம் தலைநகராக்கிக் கொண்டார். 1690 இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படைகள் செஞ்சியை முற்றுகையிட்டன. இம்முற்றுகை 1698 வரை நீடித்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690 இல் கும்பினியார் இராசாராமிடமிருந்தே விலைக்கு வாங்கினர். அதுவே பின்னர் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது.

இச்சூழலில் சென்னைக் கோட்டை ஒரு சிறிய வணிகக் குடியிருப்பாகவே இருந்தது. 1664 ஆம் ஆண்டில் கோட்டைக்குள் தொடங்கப்பட்ட மருத்துவமனை, ஆளுநர் எலிகு யேல் காலத்தில் 1690 இல் புதிய கட்டடத்திற்கு மாற்றப்பட்டது. இம்மருத்துவமனையே இன்றைய இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முன்னோடியாகும். அங்கு மருத்துவம் கற்பிக்கும் பள்ளி எதுவும் அப்போது இல்லை. நோயாளிகளைப் பார்ப்பது, மருந்து இடிப்பது, அறுவை செய்வது ஆகிய அனைத்தும் கும்பினியின் ஓரிரு அறுவை மருத்துவர்களையும் அவர்களது உதவியாளர்களையும் சார்ந்திருந்தன.

சென்னையில் பணி

பல்க்லி 1692 ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையில் பொறுப்பேற்றார். அப்போது சாமுவேல் பிரவுன் என்பவர் அங்கு ஏற்கனவே அறுவை மருத்துவராக இருந்தார். இருவரும் ஒரே மருத்துவமனையில் பணியாற்றினர். தாவரங்களைத் திரட்டுவதில் இருவருக்கும் ஈடுபாடு இருந்தது. நத்தேனியல் ஹிக்கின்சன் அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தார்.

வீலர் மரணம்

1693 ஆகஸ்டு மாத இறுதியில் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்து மருந்து கொடுத்தவர் சாமுவேல் பிரவுன் ஆவார். வீலருக்கான மருந்து இடிக்கப்பட்ட கல்வத்தில் அதற்கு முன்னர் ஆர்சனிக் எனப்படும் பாடாணம் பொடி செய்யப்பட்டிருந்தது. கல்வம் சரியாகத் துடைக்கப்படாமையால் நஞ்சு மருந்துடன் கலந்துவிட்டது. மருந்தை இடித்தவர் பிரவுனின் உதவியாளர் ஆவார்.

அக்கால மருந்தறைகளில் பாடாணம் வழக்கமான சரக்காகவே இருந்தது. சித்த மருத்துவத்திலும் அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாடாணம் ஆகிய ஆர்சனிக் சேர்ந்த சரக்குகள் சுத்தி செய்யப்பட்டுப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. வெள்ளைப் பாடாணத்திற்குக் குறிப்பிடத்தக்க மணமோ சுவையோ கிடையாது. மிகச் சிறிய அளவே உயிரைப் போக்க வல்லது. வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, தாகம், நாடித் தளர்ச்சி என அதன் அறிகுறிகள் வாந்திபேதியை ஒத்திருக்கும். எனவே வெப்ப மண்டலக் குடியிருப்பு ஒன்றில் இவ்வாறு நேரும் இறப்பு நோயால் நேர்ந்தது என்றே எளிதில் கருதப்பட்டிருக்கக் கூடும்.

பிணக்கூறாய்வு

வீலரின் உடலைத் திறந்து ஆய்வு செய்த பல்க்லி, அதன் முடிவை ஆளுநருக்கு எழுத்து மூலம் அறிவித்தார். இறப்பு நஞ்சினால் நேர்ந்தது என்பது அதன் சாரமாகும். பிரவுனும் தம் பங்கிற்கு ஆளுநருக்குக் கடிதம் எழுதி, தாம் கொடுத்த ஆர்சனிக்கால் வீலர் மாண்டதை ஒப்புக்கொண்டு, தம்மீது நீதி செலுத்துமாறு வேண்டினார்.

இந்நிகழ்வில் பல்க்லியின் நிலை எளிதானதன்று. இறந்தவர் ஊரின் ஆட்சியாளர்களுள் ஒருவர். தவறு நேர்ந்த இடம் தம்முடன் ஒரே மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவரின் மருந்தறை. கொலைக் குற்றம் உறுதியானால் அம்மருத்துவர் உயிரிழக்க நேரிடும். நோயால் இறந்தார் என்று எழுதியிருந்தால் அதனை மறுப்பதற்கு வேறு மருத்துவ முறையோ, வேதியியல் சோதனையோ அன்று சென்னையில் கிடையாது. ஆயினும் உடலில் கண்டதையே பல்க்லி எழுதினார்.

விசாரணை

பிரவுனும் மருந்தை இடித்த உதவியாளரும் விசாரணைக்கு உள்ளாயினர். வழக்கு பெருநடுவர் குழுவின் முன் வைக்கப்பட்டது. வழக்கு நடத்துவதற்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று குழு முடிவு செய்ததால் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். இறப்பிற்குக் காரணம் நஞ்சு என்று மருத்துவ ஆய்வு காட்டியது. ஆனால் கொல்லும் எண்ணம் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

பிரவுன் இதன் பின்னரும் சென்னையில் வாழ்ந்தார். அவர் 1698 ஆம் ஆண்டில் காலமானார்.

ஆய்வின் சிறப்பும் வரம்பும்

உலக அளவில் சட்டத் தேவைக்காகப் பிணங்களைத் திறந்து ஆய்தல் இதற்கு மிகவும் முற்பட்டது. இத்தாலியின் பொலோனா நகரில் 1302 ஆம் ஆண்டில் நஞ்சூட்டல் ஐயத்தின்பேரில் பார்த்தொலோமியோ தா வரிஞானா நடத்திய ஆய்வு இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டதாகும். இந்தியாவைப் பொறுத்தவரை பல்க்லியின் ஆய்வே ஆவணங்களில் காணக்கிடைக்கும் முதல் நிகழ்வாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பதிவாகாத ஆய்வுகள் இதற்கு முன்னர் நடந்திருக்கலாம் என்பதால், முதல் என்ற சொல்லைப் பதிவான முதல் என்றே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

பல்க்லியின் முடிவு கண்ணால் கண்டதையும் நிகழ்ச்சிச் சான்றுகளையும் மட்டுமே சார்ந்தது. உடல் திசுக்களில் ஆர்சனிக் உள்ளதா எனக் கண்டறியும் நம்பத்தக்க வேதியியல் முறை அன்று உலகில் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் 1752 ஆம் ஆண்டில் நடந்த மேரி பிளாண்டி வழக்கில்தான் ஆர்சனிக் பற்றிய மருத்துவரின் சோதனை முடிவுகள் நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்கப்பட்டன. மிக நுண்ணிய அளவு ஆர்சனிக்கைக் காட்டவல்ல மார்சு சோதனை 1836 ஆம் ஆண்டில் வெளியானது. அதாவது வீலர் இறந்து 143 ஆண்டுகளுக்குப் பின்னரே இத்தகைய ஐயத்தை ஆய்வகத்தில் தீர்க்க இயன்றது. வீலர் நிகழ்வில் கல்வம் பற்றிய செய்தியும் பிரவுனின் ஒப்புதலும் இல்லாதிருப்பின், பிணக்கூறாய்வு மட்டுமே ஆர்சனிக் என்ற முடிவைத் தாங்கி நின்றிருக்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இயற்கை ஆய்வு

மருத்துவப் பணியுடன் பல்க்லி செடிகொடிகள், சிப்பிகள், பூச்சிகள் முதலியவற்றைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பி வந்தார். இலண்டனில் மருந்து வணிகராகவும் இயற்கை அறிஞராகவும் விளங்கிய ஜேம்ஸ் பெட்டிவர், கும்பினியின் பொருளாளரும் தாவர ஆர்வலருமான சார்லஸ் துபுவா ஆகியோருடன் இவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. பிரவுன் திரட்டிய தாவரங்களைப் பற்றிய பெட்டிவரின் கட்டுரைகள் 1698 தொடங்கி இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயின. அவற்றில் பல தாவரங்களுக்குத் தமிழ்ப் பெயர்களும் கொடுக்கப்பட்டிருந்தன.

மணிலாவில் இருந்த இயேசு சபைத் துறவி கேமல், தம் தாவரக் குறிப்புகளைச் சென்னையில் இருந்த பிரவுன், பல்க்லி ஆகியோர் வழியாகவே இங்கிலாந்து அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார். கமேலியா என்னும் செடியினத்தின் பெயர் இத்துறவியின் நினைவாக வைக்கப்பட்டதாகும்.

சென்னைப் பகுதிப் பறவைகளின் படங்களையும் பல்க்லி பெட்டிவருக்கு அனுப்பினார். இவை பற்றிய விளக்கங்கள், ஜான் ரே மறைந்த பின் 1713 ஆம் ஆண்டில் வெளியான அவரது பறவைகள், மீன்கள் பற்றிய நூலின் பிற்சேர்க்கையாக அச்சிடப்பட்டன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களுள் இதுவும் ஒன்றாகும். பல்க்லி திரட்டிய உலர் தாவரங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சுலோன் தொகுப்பிலும், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் துபுவா தொகுப்பிலும் பாதுகாக்கப்படுகின்றன.

பிற்கால வாழ்க்கை

பல்க்லி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் மருத்துவராகப் பணியாற்றினார். வாழ்வின் பிற்பகுதியில் மருத்துவப் பணியை விடுத்துக் கும்பினியின் நிருவாகப் பொறுப்புகளை ஏற்றார். 1714 ஆகஸ்டு 8 அன்று சென்னையில் காலமான இவர், தம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துச் செஞ்சியின் தேசிங்கு ராசன் போரில் மாண்டான்.

சென்னையில் சட்ட மருத்துவத்தின் வளர்ச்சி

பல்க்லி காலத்திற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னையில் மருத்துவக் கல்விக்கு முறையான ஏற்பாடு இல்லை. 1835 பிப்ரவரியில் பொது மருத்துவமனையை ஒட்டி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1850 இல் சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வாளர் கூடம் 1849 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டது. நஞ்சூட்டல் வழக்குகளில் இறந்தோரின் உள்ளுறுப்புகளைச் சோதிப்பது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. இக்கூடமே பிற்காலத் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் மூலமாகும்.

பாடநூல்களைப் பொறுத்தவரை, கல்கத்தாவில் நார்மன் செவர்சு 1856 இல் வெளியிட்ட கையேடும், ஜெய்சிங் மோடி 1920 இல் வெளியிட்ட நூலும் இந்தியச் சூழலுக்கேற்பச் சட்ட மருத்துவத்தைக் கற்பிக்க வழிவகுத்தன. அரளி, ஊமத்தை, எருக்கு, பாடாணம் என இந்நாட்டில் வழங்கும் நஞ்சுகள் ஐரோப்பியப் பாடநூல்களில் போதிய இடம் பெறாமையே இத்தகைய நூல்களின் தேவைக்குக் காரணமாயிற்று.

மருத்துவக் கல்வியில் வீலர் நிகழ்வு

இளநிலை மருத்துவ மாணவர்களுக்கான சட்ட மருத்துவப் பாடத்தில் பல்க்லியின் பெயர் பெரும்பாலும் ஒற்றை வரியாகவே இடம்பெறுகிறது. எனினும் அப்பாடத்தின் அடிப்படைகள் பலவற்றை இந்நிகழ்வைக் கொண்டே விளக்க இயலும்.

முதலாவது, இறப்பின் காரணமும் இறப்பின் வகையும் வெவ்வேறானவை. ஆர்சனிக் என்பது வீலர் இறப்பின் காரணம். எதிர்பாரா நேர்ச்சி என்பது அதன் வகை. அதே நஞ்சு கொலையிலும் தற்கொலையிலும் காரணமாக அமையலாம். உடலை ஆயும் மருத்துவர் காரணத்தைக் கூற வேண்டியவர். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை.

இரண்டாவது, நஞ்சு ஐயப்படும் இறப்பில் உடல் மட்டும் சான்றன்று. கல்வம், மருந்துப் பொட்டலம், வாந்தி, மீந்த உணவு ஆகியவையும் சான்றுகளே. இன்று இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் ஆகியனவும் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு முத்திரையிடப்பட்டு ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகின்றன. ஆர்சனிக் ஐயப்படும்போது தலைமுடி, நகம், எலும்பு ஆகியவையும் எடுக்கப்படுகின்றன.

மூன்றாவது, மருத்துவக் கவனக்குறைவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவின் இடத்தில், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்துள்ளது. மருத்துவர் ஒருவரைக் குற்றவியல் பொறுப்பாளியாக்க மிகைப்பட்ட கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துடைக்கப்படாத கல்வம் ஒன்று அந்த அளவை எட்டுமா என்பது இன்றும் விவாதிக்கத்தக்க கேள்வியாகும்.

நான்காவது, உடன் பணிபுரியும் மருத்துவரின் தவறு தொடர்பான இறப்பை ஆயும்போதும் அறிக்கை கண்டதையே கூற வேண்டும். பல்க்லியின் அறிக்கை பிரவுனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அவரது தவற்றை மறைக்கவும் இல்லை. பல்க்லி எந்த வகுப்பறையிலும் பாடம் நடத்தியவர் அல்லர். எனினும் 1693 இல் அவர் மேற்கொண்ட ஆய்வு, சட்ட மருத்துவம் பயிலும் மாணவர்க்குரிய தொடக்கப் பாடமாக நிலைபெற்றுள்ளது.