கட்சி மாறியும் பட்சம் மாறாத சிங்காரவேலர்

தேர்தல் வருந்தோறும் தோணிரேவு முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் வாழும் நம்மவரிடையே, கட்சி மாறுதல் தகுமோ என்னும் வாதம் எழுதல் இயல்பு. அதற்கு ஸ்ரீமான் ம. சிங்காரவேலரின் சரித்திரம் விடை பகருமென நாம் கருதுகிறோம்.

அவர் 1860 ஆம் வருஷம் பிப்ரவரி 18 ஆம் தேதி சென்னையில் மீனவர் குடும்பத்தில் ஜனித்தார். வக்கீல் தொழிலில் கீர்த்தி பெற்றிருந்தும், ஒத்துழையாமைக் காலத்தில், 1921 இல், அதனைத் துறந்து காங்கிரஸில் உழைத்தார். 1922 இல் கயா காங்கிரஸில் தொழிலாளர் பொருட்டு வாதாடினார். 1923 மே 1 ஆம் தேதி சென்னையில் மே தினம் கொண்டாடித் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை ஸ்தாபித்தார். 1925 இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மகாநாட்டிற்கு அக்கிராசனம் வகித்தார். 1928 இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை ஆதரித்துச் சிறை புகுந்தார். விடுதலையான பின்னர், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்து ‘குடி அரசு’ப் பத்திரிகையில் எழுதினார், அவ்வியக்கம் நீதிக்கட்சியைச் சார்ந்தபோது அதற்கு உடன்பட்டாரில்லர். 1946 பிப்ரவரி 11 ஆம் தேதி காலமானார்.

அவர் புகுந்த சபைகள் பல. நின்ற பட்சமோ உழைப்பாளியின் பட்சம் ஒன்றே. பதவி நாடி அவர் எதனையும் விட்டாரில்லர். ஆதலின், நேயர்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம், வலையிழுத்து வாழ்வோர்க்கு யாது செய்தீரென முதலில் வினவுவோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் வந்தனமாகும்.