திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரும் பொதுவழி உரிமையும்

தலைவர்களின் படங்களுக்கு ஆண்டுக்கொரு முறை மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் எந்தத் தடையைக் கண்டார்கள், அதனை எந்தக் கருவி கொண்டு தகர்க்க முயன்றார்கள் என்பதை அறிந்து கொள்வதே அவர்களுக்குச் செலுத்தும் உண்மையான வணக்கமாகும். அந்நோக்குடனேயே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்க்கையை இவ்வெள்ளிவிழா மலரில் நம் இளைஞர்கள் முன் வைக்கின்றோம். அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். தெருவும் கிணறும் அலுவலகமும் யாருக்கு உரியவை என்ற கேள்வியைச் சட்டசபையில் எழுப்பி, அதற்கான விடையை அரசாங்க ஏட்டிலேயே எழுதச் செய்தவர் அவர் என்பதைச் சிலரே அறிவர்.

சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். குடும்பம் கோயம்புத்தூரில் வாழ்ந்தபோது அவர் அங்குக் கல்வி பயின்றார். தம் குடியிருப்பும் பிறப்பும் பிற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களுடன் கலந்து விளையாடாமல் ஒதுங்கியே அவர் படிக்க வேண்டியிருந்தது. பின்னர் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். பண்டிதர் அயோத்திதாசர் அவருக்கு மைத்துனர் உறவினர். பேரேட்டையும் கடிதப் போக்குவரத்தையும் அன்றாடம் கையாண்ட அக்கணக்கர் பணி, பிற்காலத்தில் அரசாங்கத்தோடு வாதாட அவருக்குத் துணை நின்றது என்று கொள்வதில் தவறில்லை.

1890இல் அவர் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் "பறையன்" என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அப்பெயரையே தலைப்பில் பொறித்து, நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில் வெளியிட்டார். திங்கள் இதழாகத் தோன்றிய அது விரைவிலேயே வார இதழாயிற்று. கோழியாளத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்து இதழ் நடத்துவது அந்நாளில் எளிய செயலன்று.

அந்நாளைய ஆட்சிமுறையை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். ரிப்பன் பிரபு 1882இல் தல சுயாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் தல ஸ்தாபனச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று படிகளில் உள்ளாட்சி அமைந்தது. சாலை அமைத்தல், கிணறு தோண்டுதல், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துதல் ஆகியவை இவற்றின் பொறுப்பாயின. இவற்றுக்கான செலவில் பெரும்பகுதி நிலத்தின்மீது விதிக்கப்பட்ட செஸ் வரியிலிருந்து வந்தது. அந்நிலத்தில் உழுது, நட்டு, அறுத்தவர்கள் நம் மக்கள். ஆயினும் போர்டுகளில் அமர்ந்தவர்கள் நிலக்கிழார்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களுமே. சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை என்றிருந்த நிலையில், நிலமற்றவர்க்கு அங்கே இடம் ஏது?

ஊருக்குள் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. மணியக்காரர் பதவியும் கர்ணம் பதவியும் பரம்பரையாக மேல்சாதியாரிடம் இருந்தன. ஊர் ஊழியத்தின் அடிப்படியிலே வெட்டியான் வேலை மட்டும் நமக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளன்று வெளிவந்த அரசாணையின்படி, புறம்போக்குத் தரிசுகள் நம் மக்களுக்கு வழங்கப்பட வழி ஏற்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவது அதனையே. ஆனால் நிலம் வேண்டுவோர் தர்க்காஸ்து மனுவை யாரிடம் கொடுப்பது? அடங்கலை எழுதுபவர் கர்ணம். சாட்சி சொல்பவர் மணியக்காரர். முன்னுரிமை கேட்பவர் மிராசுதாரர். மேலிடத்தில் நல்ல ஆணை பிறந்தாலும், அதனை நிறைவேற்றும் கைகள் பகைமையுற்றவையாக இருப்பின் ஆணை ஏட்டளவிலேயே நின்றுவிடும். சீனிவாசனார் தம் மாவட்டத்திலேயே கண்டு தெளிந்த உண்மை இது.

அவர் செய்த ஒரு செயலை இவ்வுண்மையின் வெளிச்சத்திலேயே நாம் நோக்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனில் நடத்துவதோடு இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். 1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபையும் அதனை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியது. சீனிவாசனார் அதனை எதிர்த்து, 3412 பேருடைய கையொப்பங்களுடன் மனு ஒன்றைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இதனைக் கொண்டு அவரை நாட்டுப்பற்று அற்றவர் என்று கூறியோர் உண்டு. ஆனால் அவரது அச்சம் வேறு. கல்வியின் கதவு நமக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், தேர்வு இங்கே நடந்தால் மேல்சாதியாரே அதில் தேறுவர். கிராமத்தில் கர்ணம் இருந்த இடத்தில் அவர் இனத்தாரே மாவட்டத்தில் கலெக்டராகவும் அமர்வர். பின்னர் முறையிட ஓர் இடமும் இராது என்று அவர் கருதினார். அம்முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதே எளியவனின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற அவரது கருத்தை மறுப்பது அரிது.

1900ஆம் ஆண்டளவில் அவர் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் தாயகம் திரும்பியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. பலர் ஓய்வை நாடும் அப்பருவத்தில்தான் அவரது பொதுவாழ்வின் பெரும்பகுதி தொடங்கியது.

இதற்கிடையே நாட்டில் மாறுதல்கள் நேர்ந்திருந்தன. இரட்டையாட்சி முறையின் கீழ் தல சுயாட்சித் துறை இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1920இல் தல ஸ்தாபனங்களுக்கும் நகராட்சிகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் புதுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நம் மக்களின் நலனைக் கவனிக்க லேபர் கமிஷனர் நியமிக்கப்பட்டார். அத்துறை சேரிகளுக்கு மனைகளை வாங்கித் தந்தது, பள்ளிகளைத் திறந்தது, கிணறுகளைத் தோண்டியது. இவை நன்மைகளே என்பதில் ஐயமில்லை. எனினும் சேரிக்குத் தனிக்கிணறு தோண்டுவது, ஊர்ப் பொதுக்கிணற்றை அனைவர்க்கும் திறந்துவிடும் கடமையிலிருந்து போர்டுகள் நழுவிக்கொள்ள வழியாகவும் அமைந்தது. பல ஊர்களில் பள்ளிக்கூடமும் அஞ்சல் நிலையமும் அக்கிரகாரத்திலேயோ கோயிலை ஒட்டிய சாவடியிலேயோ இருந்தன. பள்ளி அனைவர்க்கும் பொது என்று விதி கூறும். பள்ளிக்குச் செல்லும் தெருவோ பொதுவன்று என்று ஊர் கூறும்.

1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற சீனிவாசனார் இம்முடிச்சையே அவிழ்க்க முற்பட்டார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் இரு பகுதிகளை உடையது. நகரிலோ சிற்றூரிலோ உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடைபாதையிலும் எவ்வகுப்பாரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது முதற்பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றையும் பொதுப்பணி நடைபெறும் கட்டடங்களையும் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையிலும் அளவிலும் நம் மக்களும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. சபை அதனை ஏற்றது. அரசு அதனை ஆணையாக்கி, 1925இல் அரசிதழில் பொதுமக்கள் அறியும்பொருட்டு வெளியிட்டது. திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் அறப்போர் தொடங்கியதும் இதே 1924ஆம் ஆண்டில்தான் என்பது நினைவுகூரத்தக்கது. ஒரே உரிமை அங்கே தெருவிலும் இங்கே சட்டசபையிலும் கோரப்பட்டது.

இத்தீர்மானத்தைச் சிலர் வெறும் காகிதம் என்று எளிதாகக் கருதக்கூடும். அதில் தண்டனைப் பிரிவு இல்லை. அது கொள்கையை அறிவித்ததே அன்றித் தடுப்பவனைச் சிறையில் இடவில்லை. அரசிதழ் வெளிவந்த மறுநாளே ஊர்க்கிணறுகள் திறந்துவிடவுமில்லை. ஆயினும் அதற்கு முன்பு ஊர் வழக்கம் என்ற ஒரு சொல்லே அதிகாரிகளுக்குப் போதுமானதாக இருந்தது. அதன் பின்பு வழக்கத்திற்கு எதிராக அரசின் எழுத்து நின்றது. மனு எழுதுகின்ற நம் மனிதன் கெஞ்சாமல், ஆணையைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் நிலை பிறந்தது.

அவ்விதை வீண்போகவில்லை. 1938இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், சாலை, பொது இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றில் சாதி பற்றிய தடை கூடாது என்று விதித்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தண்டனைகளை வகுத்தன. கொள்கை சட்டமாகி, சட்டம் அடிப்படை உரிமையாக உயர்ந்த இந்நெடும்பயணத்தில் சீனிவாசனாரின் தீர்மானம் ஒரு தொடக்கப் படியாகும்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் அவர் அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டு, நம் மக்களுக்கு அரசியல் பங்கு வேண்டுமென்று வாதாடினார். 1932 செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அதன்படி மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்திற்கு உரியவை. 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்ட அவர், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இளைஞர்களே! சீனிவாசனாரின் பணி முடிந்துவிட்டது என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு இடஒதுக்கீடு தந்தன. அந்நாற்காலியில் அமர்ந்ததற்காகவே 1997இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் தம் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த இயலாமற் போயிற்று. சட்டம் தந்த பதவியையும் ஊர் தர மறுத்த காலம் நம் கண்முன் நிகழ்ந்ததே. கதவைத் திறக்கும் ஆணை ஒருவர் கையிலும், திறவுகோல் மற்றொருவர் கையிலும் இருக்கும் அந்தப் பழைய முடிச்சு இன்னும் முழுமையாக அவிழவில்லை.

ஆகவே கல்வி என்பது தேர்வில் தேறி வேலை பெறுவதற்கு மட்டும் அன்று. கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும், தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடவும், அரசாணையின் எண்ணும் நாளும் குறித்து மனு எழுதவும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும். வாய்ப்பு உள்ளோர் வருவாய்த் துறையிலும் உள்ளாட்சித் துறையிலும் பணியேற்று, எளியவரின் மனுவை இரக்கத்தோடும் நேர்மையோடும் நகர்த்த வேண்டும். ஆயிரக்கணக்கான கையொப்பங்களைத் திரட்ட அந்நாளில் எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மனுவில் கைநாட்டு வைத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாய் விளங்குகின்றனர். அவ்வெழுத்தைப் பொதுவழிக்குக் காவலாக நிறுத்துவதே சீனிவாசனாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.