முயலின் கண்ணும் ருக்மிணி தேவியும்



தங்கச்சியின் அரங்கேற்றத்துக்கு ஒப்பனைச் சாமான் வாங்கப் போயிருந்தோம். ஒரு டப்பாவில் சின்னதாய் முயல் படம். இது எதுக்கு அண்ணா என்று கேட்டாள். விலங்குகளின் மேல் சோதித்துப் பார்க்காத பொருள் என்று அர்த்தம் என்றேன். அப்போ முயல் படம் இல்லாததெல்லாம் என்று அடுத்த கேள்வி. கடையில் வைத்துச் சொல்ல மனசு வரவில்லை.

1944-இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் சோதனை என்று ஒன்று வந்தது. பொருளை முயலின் கண்ணில் விடுவார்கள். கண் எவ்வளவு சிவக்குது, எவ்வளவு புண்ணாகுது என்று நாள்கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஷாம்பு, கண் ஒப்பனை எல்லாம் இப்படித்தான் பல வருஷம் சோதிக்கப்பட்டன.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். அவள் கற்கும் கலாக்ஷேத்திரா பாணியைத் தந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளுக்காக நாடாளுமன்றம் வரை போனவர். நாட்டியத்தால் அவரை நமக்குத் தெரியும். இந்தப் பக்கம் நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் 1904 பிப்ரவரி 29-இல் மதுரையில் பிறந்தார். 1920-இல் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தபோது சென்னையே கொந்தளித்தது. 1935-இல் அடையாற்றில் மேடையேறி ஆடினார். குடும்பப் பெண்கள் சதிர் ஆடுவதை ஊர் ஏற்காத காலம் அது. ஏச்சையும் பேச்சையும் தாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார்.

1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைஞர் என்பதால் கிடைத்த இடம். அங்கே கலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் விலங்கு வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொல்ல, அதை மீட்டுக்கொண்டார். தன் பெயரில் வரவேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தில் ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கு. சோதனைகளை அது அடியோடு தடை செய்யவில்லை. உயிர்காக்கும் அறிவுக்கு இடம் விட்டது. ஆனால் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்கலாம், முடிந்த இடத்திலெல்லாம் அவற்றைத் தவிர்க்க வேண்டும், மயக்க மருந்து தர வேண்டும், வெறும் கைப்பழக்கத்துக்காகச் செய்யக் கூடாது என்றெல்லாம் வரம்பு போட்டது. பொறியியல் படிக்கிற எனக்கு இது நல்ல வடிவமைப்பு விதியாகத் தெரியுது. வேறு வழி இருக்கான்னு முதலில் பார், பிறகு உயிரிடம் போ.

1977-இல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவராக்க விரும்பினார். வேண்டாம் என்றுவிட்டார். 1986 பிப்ரவரி 24-இல் சென்னையில் மறைந்தார். அழகுப் பொருள்களை விலங்குகளின் மேல் சோதிக்கவும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்யவும் இந்தியா தடை போட்டது 2014-இல், வேறொரு விதியின் கீழ். அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் விலங்கின் வலியைச் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற பேச்சை, சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே எழுப்பியவர் அவர்.

மருந்து வேறு, மை வேறு. ஓர் உயிரைக் காப்பாற்ற நடக்கும் சோதனையைப் பற்றி நாம் இன்னும் வாதாடலாம். மைக்காக ஒரு முயலின் கண் புண்ணாக வேண்டுமா என்பதில் வாதாட என்ன இருக்கு? கோயிலில் நின்று எல்லா உயிரிலும் இறைவன் இருக்கான்னு சொல்கிற நாம், கடையில் நிற்கும்போது அதை மறந்துடுறோம். நானும்தான்.

மறுநாள் தங்கச்சி தன் ஒப்பனைப் பெட்டியைக் கொட்டி, ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் முயல் படம் இல்லை. இருப்பதைத் தூக்கி எறியவில்லை. தீர்ந்ததும் மாற்றுவதாக முடிவு. கண் மையை மட்டும் அன்றே மாற்றிவிட்டாள்.