அரசராக ஆண்ட ஹட்செப்சுட்

எகிப்திய மன்னர்களைக் குறிக்கும் பாரோ என்ற சொல் முஸ்லிம் மக்களிடையே பிர்அவ்ன் என வழங்கப்படுவதை நாம் அறிவோம். ஆதியில் அச்சொல் எந்தவொரு மனிதரையும் குறிக்கவில்லை. பெரிய வீடு, அதாவது அரண்மனை என்பதே அதன் பொருளாகும். வீட்டின் பெயர் வீட்டுத் தலைவருக்கு ஆகிவந்தது பதினெட்டாம் வம்சத்தவர் ஆண்ட காலத்திலாகும். அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஈற்றில் அதன் தலைமைப் பீடத்திலும் அமர்ந்தவர் ஹட்செப்சுட்.

முதலாம் துத்மோஸ் மன்னருக்கும் பட்டத்தரசி அஹ்மோஸுக்கும் மகளாகப் பிறந்த இவர், தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த இரண்டாம் துத்மோஸை மணந்தார். ஒரே தந்தையின் பிள்ளைகள் மணம் புரிவது நம்மவரின் எந்தச் சமயத்திற்கும் ஏற்புடையதன்று. ஆயினும் சகோதர தெய்வங்களான ஒசிரிஸும் இசிஸும் தம்பதியராக வாழ்ந்தனர் என நம்பிய அரண்மனையில் அது உயர்வாகவே கருதப்பட்டது. இத்திருமணத்தில் நெஃபெரூரே என்ற மகள் பிறந்தார். ஆண் மகவு பிறந்ததற்குச் சான்றில்லை.

அரச குலப் பெண்டிரின் பட்டங்கள் பெரும்பாலும் மன்னரின் மகள், மன்னரின் சகோதரி, மன்னரின் மனைவி, மன்னரின் தாய் என உறவுப் பெயர்களாகவே இருந்தன. முதல் மூன்றையும் ஹட்செப்சுட் பெற்றிருந்தார். நான்காவதற்கு வழியிருக்கவில்லை. கி.மு. 1479 அளவில் கணவர் மறைந்தபோது, இளைய மனைவி ஒருத்தியின் பாலகனே மூன்றாம் துத்மோஸாக முடிசூட்டப்பட்டான். அவனுக்கு மாமியும் மாற்றாந்தாயுமான ஹட்செப்சுட் அவன் சார்பில் நாட்டைப் பரிபாலித்தார். ஏழாம் ஆட்சியாண்டளவில் மன்னருக்குரிய பட்டங்களனைத்தையும் தாமே தரித்துக்கொண்டார்.

பொய்த்தாடியும் ஆணுடையும் பூண்ட சிலைகள் எழுந்தன. கல்வெட்டுகளிலோ பெண்பால் விகுதிகள் பல இடங்களில் நீடித்தன. அமுன் தெய்வமே தமக்குத் தந்தை என டெயிர் எல் பஹாரி ஆலயச் சுவர்களில் அவர் செதுக்குவித்தார். பெற்ற தந்தையையும் விட்டுவிடவில்லை. அவரே தம்மை வாரிசாக நியமித்தார் எனப் பொறிப்பித்ததோடு, தமது கல்லறையில் அவருக்கும் ஒரு கற்பேழை வைத்தார்.

ஆட்சி ஏறத்தாழ இரு தசாப்தங்கள் நீடித்தது. புன்ட் நாட்டிற்குச் சென்ற ஐந்து கப்பல்கள் நறும்பிசின் மரங்களை வேரோடு கொண்டுவந்த காட்சியை அதே ஆலயத்தில் காணலாம். கர்னக்கில் அவர் நாட்டிய, ஏறக்குறைய 30 மீற்றர் உயரமான ஒற்றைக்கல் தூபி இன்றும் நிற்கிறது.

கி.மு. 1458 அளவில் அவர் மறைந்தார். பின்னர் அவரது பெயரும் உருவமும் சுவர்களிலிருந்து செதுக்கி அகற்றப்பட்டன. சிம்மாசனத்தைக் கவர்ந்த மாற்றாந்தாயை மூன்றாம் துத்மோஸ் பழிதீர்த்தார் என்று சென்ற நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பலர் எழுதினர். மாற்றாந்தாய்க் கதைகளில் ஊறியவர்களின் கற்பனை இது என்றே எமக்குத் தோன்றுகிறது. தீங்கு செய்ய எண்ணியிருந்தால், அச்சிறுவனை அவர் வளரவிட்டிருக்க வேண்டியதில்லை. மாறாக, ஆட்சியாண்டுகளை அவனது முடிசூட்டிலிருந்தே கணித்தார். சிற்பங்களில் அவனையும் உடன் நிறுத்தினார். அழிப்பு வேலை தொடங்கியதும் அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னராகும். கோபம் அத்தனை காலம் காத்திருக்குமா?

அப்போது துத்மோஸ் முதுமையை எட்டிக்கொண்டிருந்தார். அடுத்து அரியணை ஏறவிருந்த இரண்டாம் அமென்ஹோதெப்பின் தாய் அரச மகளல்லர். மன்னனின் மகள் ஒருத்தி மன்னராகவே ஆண்டாள் என்ற முன்னுதாரணம் அவ்வேளையில் சங்கடமானது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மன்னராக அவரைக் காட்டிய உருவங்கள் சிதைக்கப்பட, மன்னரின் மனைவியாகக் காட்டியவை பெரும்பாலும் தீண்டப்படாமல் விடப்பட்டமை இதற்கு வலுவூட்டுகிறது. சிலைகள் பலவற்றின் உடைவுகூட, மற்றைய மன்னர்களின் சிலைகளுக்கும் செய்யப்பட்ட சடங்கின் பாற்பட்டதே என 2025 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

உளி எல்லா எழுத்துகளையும் எட்டவில்லை. 1829 இல் டெயிர் எல் பஹாரிக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன், தாடி வைத்த மன்னர் ஒருவரின் உருவத்தருகே வினைச்சொற்களெல்லாம் பெண்பாலில் அமைந்திருக்கக் கண்டு திகைத்தார். அம்மன்னர் யாரென்று கண்டறிய மேலும் பல ஆண்டுகள் சென்றன.