கழலையின் உண்மை கண்ட டோரதி ரீட் அம்மையார்

கழுத்திலோ அக்குளிலோ வலியின்றி ஒரு கட்டி தோன்றினால் அதனை நெறிகட்டு என்று சொல்லிச் சில நாள் பொறுத்துப் பார்ப்பது நம் காரைக்குடிப் பகுதியில் வழக்கம். கரையாவிடில் காசநோயோ என ஐயுறுவோம். அவ்வையம் தவறன்று, நம் நாட்டில் அத்தகைய கட்டிகள் பலவற்றுக்குக் காசநோயே காரணம். ஆயினும் சில, நிணநீர்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயாகும். அவ்வகையில் ஒன்றான ஹாட்ஜ்கின் நோயைக் காசநோயினின்று பிரித்துக் காட்டியவர் டோரதி ரீட் அம்மையார் ஆவார்.

1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பிறந்த அம்மையார், 1900இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே நோய்க்குறியியல் ஆய்வில் அமர்ந்தார். இந்நோயை 1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்திருந்தார். அதற்குரிய தனித்த உயிரணுக்களை 1898இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் விவரித்தபோதிலும், நோயைக் காசத்தின் ஒரு வடிவமென்றே கருதினார். அம்மையார் 1902இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை மறுத்தார். நோயாளிகளிடம் காசநோய்ச் சோதனை எதிர்மறையாக இருந்ததையும் எடுத்துக்காட்டினார்.

அவர் விவரித்த உயிரணு மிகப் பெரியது. அதனுள் இரண்டு உட்கருக்கள் அருகருகே இருக்கும்; ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தடித்த புள்ளி. இருளில் ஆந்தை விழித்துப் பார்ப்பதுபோல் தோன்றும். கட்டியில் உள்ள அணுக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இத்தகையவை. எஞ்சியவை உடலின் இயல்பான காப்பணுக்கள். ஆகவே பொறுமையின்றித் தேடுவோர் கண்ணுக்கு இவை அகப்படா.

இத்துணைப் பெரும்பணி செய்தவருக்கு அக்கல்லூரியில் ஆசிரியப் பதவிக்கு வழியில்லை. அவர் பெண் என்பதே காரணம். அம்மையார் அவ்விடம் நீங்கி நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவத்திற்குச் சென்றார். 1906இல் சார்லஸ் மெண்டன்ஹால் என்பவரை மணந்தார். முதல் மகவு பிறந்தவுடன் இறந்தது. மற்றொரு மகனும் இளமையிலேயே மறைந்தான். அத்துயருக்குப் பின் தாய்சேய் நலமே அவர்தம் பணியாயிற்று. 1915இல் மேடிசன் நகரில் குழந்தைகள் நல மையம் அமைய முன்னின்றார். 1964இல் காலமானார்.

இன்று சிடி15, சிடி30 எனும் குறியீடுகளுக்குரிய சாயச் சோதனைகள் உள்ளன. எனினும் ஊசியால் உறிஞ்சிய சிறு துளியில் அவ்வணு தப்பிவிடலாம் என்பதால், கட்டியை முழுதாக அகற்றிச் சோதிக்குமாறு மருத்துவர் கூறுவர். காசநோய் மருந்து உண்டும் கட்டி குறையாதோருக்கு அச்சோதனை இன்றியமையாதது. அவ்வறிக்கையில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு என எழுதியிருப்பின், அதில் முதற்பெயர் இவ்வம்மையாருடையது. தக்க காலத்தில் கண்டறிந்தால் இந்நோய் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகிறது.