இலைச்சத்தும் உயிர்மருந்தும்

மருத்துவ உலகம் பெரிதும் கடன்பட்டிருந்தும் மக்கள் பரவலாக அறியாத அறிஞர்களுள் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார்.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளானார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதற்குக் கீழ்நிலையிலுள்ள எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான வாயில் அடைபடவே, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். அந்நாளில் அவர்தம் உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் மாண்டனர். நோயின் காரணத்தை அறியாத மருத்துவத்தின் வலிமையின்மை அவர் உள்ளத்தை வருத்தியது. ஆராய்ச்சியே தம் வழியெனத் தெளிந்து, மாமனாரின் பொருளுதவியுடன் அமெரிக்கா சென்றார்.

பாஸ்டன் நகரில் இரவில் மருத்துவமனைப் பணியாளராக உழைத்துக்கொண்டே பகலில் பயின்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகள் சுருங்குவதற்கு ஆற்றல் அளிக்கும் பாஸ்போகிரியேட்டினையும் அவ்விருவர் கண்டறிந்தனர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. குறித்த ஆய்விலும் அவர்கள் பங்கு பெரிது. எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பணி கிட்டவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் கருத்தைக் கவர்ந்தது ஃபோலிக் அமிலம். பசலைக்கீரை இலைகளிலிருந்து பிரிக்கப்பட்டமையால், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பெற்றது. உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத இச்சத்தினை அவர்தம் குழுவினர் ஈரலிலிருந்து பிரித்தெடுத்து, செயற்கையாகவும் உருவாக்கினர். அவர் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலச் சேர்மங்களை இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைந்து முற்றியது. இத்தோல்வியே புதிய வழியைக் காட்டியது. பெருகும் புற்றணுக்களுக்கு அச்சத்து உணவானால், அதனைத் தடுத்தால் அவை அடங்கும் அல்லவா? ஃபோலிக் அமிலத்தை ஒத்த உருவமும் அதற்கு எதிரான செயலும் உடைய மூலக்கூறுகளை லெடர்லே ஆய்வாளர்கள் வடிவமைத்தனர். பூட்டினுள் நுழைந்தும் அதனைத் திறவாத போலிச் சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பெற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்ததென 1948இல் ஃபார்பர் அறிவித்தார். அத்தணிவு நிலைக்கவில்லை, ஆயினும் வேதி மருந்தால் இரத்தப் புற்றுநோயை அடக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் இன்றும் பயன்படுகிறது.

யானைக்கால் நோயைத் தடுக்க நம் ஊர்களில் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவர் வழிநடத்திய ஆய்வகத்தின் கொடையே. நுண்ணுயிர்க்கொல்லியான ஆரியோமைசினும் அங்கேயே உருவாயிற்று.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவேயில்லை. தம் பெயரை முன்னிறுத்தாது பிறர் பெயரில் ஆய்வு வெளிவருவதிலும் மகிழ்ந்தவர் அவர். நூற்றாண்டு விழாவையொட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. தேர்வில் இருமுறை தோற்ற மாணவர் ஒருவர், உலகின் எண்ணற்ற குழந்தைகள் உயிர்வாழ வழிகாட்டினார் என்பது நாம் நெஞ்சில் நிறுத்தத்தக்கது.